குத்தலும் குடைச்சலும்

நட்சத்திர ஹோட்டலில் மசால் தோசை ஆர்டர் செய்தால், தோசைக்கு முன்னால் முள்கரண்டி வந்துவிடுகிறது. அதை இடது கையில் பிடிப்பதா, வலது கையில் பிடிப்பதா என்று நாம் குழம்பி முடிப்பதற்குள் தோசை ஆறிப்போகிறது. பக்கத்து மேஜைக்காரர் தன் தோசைக்கு ஆபரேஷனே செய்துகொண்டிருக்கிறார். நமக்கோ கை பரபரக்கிறது. ஆனால் யாராவது பார்த்துத் தொலைத்தால்?

பார்க்கட்டும், விடுங்கள். இந்த முள்கரண்டியைப் பார்த்து ஐரோப்பாவே ஐநூறு வருஷத்துக்கு மேல் மிரண்டிருக்கிறது. கார்டினல்கள் சாபம் விட்டார்கள், ராஜாக்கள் தடை போட்டார்கள், கவிஞர்கள் கேலி செய்தார்கள். அத்தனை நூற்றாண்டுகளும் அவர்கள் எதால் சாப்பிட்டார்கள் என்கிறீர்களா? நீங்களும் நானும் எதால் சாப்பிடுகிறோமோ அதால்தான்.

1530-ல் எராஸ்மஸ் என்கிற மகா அறிஞர் சிறுவர்களுக்காக ஒரு நாகரிகக் கையேடு எழுதினார். எண்ணெய் ஒட்டிய விரலை நக்காதே, கோட்டில் துடைக்காதே என்று அதில் கண்டிக்கிறார். நல்ல விஷயம். பிறகு எங்கே துடைப்பதாம்? கைத்துண்டில், அல்லது மேஜை விரிப்பில்! ஐரோப்பாவின் தலைசிறந்த மூளை யோசித்துக் கண்டுபிடித்த டேபிள் மேனர்ஸ் இது.

முள்கரண்டிக்கு விழுந்த முதல் சாபத்துக்கு வருவோம். பதினோராம் நூற்றாண்டு வெனிஸ். அந்த ஊர் ஆட்சித் தலைவரின் பட்டம் டோஜ். அப்படி ஒரு டோஜுக்கு வாழ்க்கைப்பட்டு கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஒரு சீமாட்டி வந்தார். பிறந்த வீடு பைசாண்டியப் பேரரசின் தலைநகரம். புகுந்த வீடு உப்புத் தண்ணீரில் மிதக்கும் வியாபாரிகள் ஊர். பெரிய இடத்துப் பெண் சின்ன இடத்துக்கு மருமகளாக வந்தால் என்ன நடக்கும்? ஊர் முழுக்க நாத்தனார் ஆகிவிடும்.

அந்த நாத்தனார்களின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் ஒரு துறவி: பீட்டர் டேமியன். கார்டினல். பிற்பாடு புனிதர் பட்டமும் பெற்றவர். அந்த அம்மாள் ஊர்த் தண்ணீரில் குளிக்கமாட்டாராம், வேலைக்காரர்கள் பனித்துளி சேகரித்துக் கொண்டுவர வேண்டுமாம். அறை முழுக்க வாசனைத் திரவியமாம். இதையெல்லாம்கூட மன்னித்திருப்பாரோ என்னவோ. சாப்பாட்டைக் கையால் தொடாமல், பணியாளர்களை விட்டுத் துண்டு துண்டாக நறுக்கவைத்து, இரண்டு பல் வைத்த தங்கக் குச்சியால் குத்தி வாயில் போட்டுக்கொண்டார் பாருங்கள், அதைத்தான் அவரால் பொறுக்கவே முடியவில்லை.

அந்தச் சீமாட்டி கடைசியில் உடம்பு அழுகிச் செத்தார், அது ஆடம்பரத்துக்கு ஆண்டவன் கொடுத்த கூலி என்று எழுதி வைத்துவிட்டுப் போனார் டேமியன். இவர் யார் தெரியுமோ? தன்னைத் தானே சாட்டையால் அடித்துக்கொள்வது ஆன்மாவுக்கு ரொம்ப நல்லது என்று பிரசாரம் செய்தவர். சாட்டை புண்ணியம், முள்கரண்டி பாவம்!

சாபம் நன்றாக வேலை செய்தது. அடுத்த பல நூறு வருஷங்களுக்கு இத்தாலியைத் தாண்டி முள்கரண்டி பெரிதாக எங்கும் நகரவில்லை. நடுவில், 1533-ல் பிரெஞ்சு இளவரசனைக் கட்டிக்கொண்டு பாரிஸுக்குப் போன கேத்தரின் தெ மெடிச்சி சீதனத்தோடு முள்கரண்டியையும் கொண்டுபோனார், பிரான்ஸுக்குச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான் என்று ஒரு கதை உலவுகிறது. ஐஸ்கிரீமையும் அவர் கணக்கிலேயே எழுதுவார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் துருவித் துருவித் தேடியும் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பாவம், அப்போது அவருக்கு வயது 14. அந்த வயதுப் பெண் கல்யாணப் பெட்டியில் ஸ்பூன் செட்டா அடுக்கியிருப்பாள்?

அந்த அம்மாளின் மகன் மூன்றாம் ஹென்றி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நெருப்பு இருக்கிறது. அவர் முதலில் போலந்துக்கு ராஜா. அண்ணன் செத்து பிரான்ஸ் சிம்மாசனம் காலி என்று தெரிந்ததும் 1574-ல் ராத்திரியோடு ராத்திரியாக அரண்மனையை விட்டு ஓட்டமெடுத்தார். போலந்துப் பிரபுக்கள் குதிரையில் துரத்தினார்கள். ராஜாவைத் துரத்திப் பதவியைப் பிடுங்குவது உலக வழக்கம். பதவியில் இருக்கச் சொல்லித் துரத்தியது போலந்தில்தான்.

ஓடிவந்தவர் வழியில் வெனிஸில் தங்கினார். அங்கே அவருக்கு ஒரு விருந்து. சாப்பிட உட்கார்ந்த ராஜா கைத்துண்டை எடுத்தால், அது கையோடு உடைந்து வந்தது. சர்க்கரையில் செய்த கைத்துண்டு! தட்டும் சர்க்கரை, கத்தியும் சர்க்கரை, முள்கரண்டியும் சர்க்கரை. தின்னுகிற பொருள் எது, தின்ன உதவுகிற பொருள் எது என்று புரியாமல் ராஜா விழித்திருப்பார். எப்படியோ, முள்கரண்டி மோகம் மட்டும் அவரோடு பாரிஸுக்குப் போய்விட்டது. அவர் செத்து 16 வருஷம் கழித்து வந்த ஒரு கேலிப் புத்தகம் அவருடைய அரசவையைக் கிழித்துத் தொங்கவிட்டது: தட்டிலிருந்து வாய்க்குப் போகிற வழியில் பாதிப் பட்டாணி மடியில் விழுகிறது, இதற்குப் பெயர் நாகரிகமா என்று.

கேலியில் நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைய முள்கரண்டிக்கு இரண்டே பல், அதுவும் நெட்டுக்குத்தாக. இறைச்சியை அமுக்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். பட்டாணியை அதில் அள்ளுவது தென்னை ஈர்க்கில் மோர் குடிப்பதற்குச் சமம்.

இனி, நம் கதாநாயகன் மேடைக்கு வரலாம். பெயர் தாமஸ் கோரியட். இங்கிலாந்தில் ஓட்கம் என்ற குக்கிராமத்துப் பாதிரியார் மகன். கிரேக்கமும் லத்தீனும் கரைத்துக் குடித்தவர். ஜேம்ஸ் மன்னரின் மகனான இளவரசர் ஹென்றியின் அவையில் சம்பளம் இல்லாத கோமாளியாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். சிரிக்கவைக்கும் கோமாளி இல்லை. மற்றவர்கள் பார்த்துச் சிரிக்கும் கோமாளி. தான் ஒரு மாபெரும் அறிஞன் என்று இவருக்கு நினைப்பு. அவைக்கு வேறு நினைப்பு.

1608 மே மாதம் கோரியட் ஐரோப்பா டூர் கிளம்பினார். 5 மாதம், அவர் கணக்குப்படி 1,975 மைல், பெரும்பகுதி நடை. வெனிஸில் யூதர்கள் வாழும் பகுதிக்குப் போய், சும்மா இருந்த ஒரு ரபியிடம் ‘நீங்கள் ஏன் மதம் மாறக்கூடாது?’ என்று தர்க்கம் ஆரம்பித்தார். கூட்டம் சேர்ந்துவிட்டது. நல்லவேளையாகக் கால்வாயில் இங்கிலாந்துத் தூதர் படகில் போய்க்கொண்டிருந்தார். ஆளை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். வெளிநாட்டில் இருக்கிற தூதரகங்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

அந்த இத்தாலியில்தான் கோரியட் அதைப் பார்த்தார். சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு முள்கரண்டி! இறைச்சி வெட்டும்போது பொதுத் தட்டில் யாராவது விரல் வைத்தால் கூட்டமே முறைக்கிறது. காரணம் விசாரித்தார். எல்லார் விரலும் ஒரே மாதிரி சுத்தமாக இருக்காதே என்றார்கள். ஆயிரம் மைல் நடந்து வந்த மனிதருக்கு இந்தப் பதில் ஞானோதயம் மாதிரி இருந்திருக்கிறது. அவர் தன் விரல்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஊர் திரும்பியவர் முள்கரண்டியும் கையுமாகத்தான் திரும்பினார். விருந்துகளில் எல்லாரும் கையால் பிய்த்துத் தின்ன, இவர் மட்டும் குத்திக் குத்திச் சாப்பிட்டார். ‘முள்கரண்டி தூக்கி’ என்று நண்பர் ஒருவர் லத்தீனில் பட்டப்பெயரே வைத்தார். அதே சொல்லுக்கு லத்தீனில் போக்கிரி என்றும் பொருள் உண்டு. கோரியட் கோபப்பட்டாரா? புத்தகத்தில் அந்தப் பட்டப்பெயரையும் பெருமையாகப் போட்டுக்கொண்டார்!

அந்தப் புத்தகம் வந்தது 1611-ல். பயண நூல்கள் வழக்கமாக ஒரு சூரியோதயத்தோடு ஆரம்பிக்கும். இவருடையது வாந்தியோடு ஆரம்பிக்கிறது. இங்கிலீஷ் கால்வாயைக் கடக்கும்போது கப்பல் ஆடியதில் தன் வயிறு கப்பலுக்கு வெளிப்புறம் பூசிய வார்னிஷைப் பற்றி, கம்பீரமான நடையில், முதல் வாக்கியத்திலேயே எழுதியிருக்கிறார். அறிஞர் இல்லையா, வாந்தியைக்கூடச் சும்மா எடுக்கமாட்டார்.

புத்தகத்துக்குச் சிறப்புப் பாயிரம் வேண்டும் என்று லண்டனின் பெரிய கவிஞர்களிடமெல்லாம் கேட்டிருந்தார். பென் ஜான்சன் எழுதினார், ஜான் டன் எழுதினார், 50-க்கும் மேற்பட்டவர்கள் எழுதித் தள்ளினார்கள். அத்தனையும் நக்கல்! இலக்கிய உலகம் கூட்டம் போட்டு ஒரு மனிதரை ட்ரோல் செய்த முதல் வைபவம் இதுவாகத்தான் இருக்கும். கோரியட் அவற்றைக் கிழித்துப் போட நினைத்திருக்கலாம். ஒன்று விடாமல் அச்சடி என்றார் இளவரசர். அச்சடித்தார், தன் சொந்தச் செலவில். டூரில் போட்டிருந்த ஷூக்களை ஊர்த் தேவாலயத்தில் மாட்டியும் வைத்தார். நூறு வருஷம்போல அவை அங்கே தொங்கின.

இத்தனைக்குப் பிறகு நாமாக இருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்போம். கோரியட் 1612-ல் மறுபடி கிளம்பினார். இந்தத் தடவை ஐரோப்பா இல்லை, ஆசியா. கான்ஸ்டான்டிநோபிள், ஜெருசலேம் எல்லாம் பார்த்துவிட்டு, சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து நடக்க ஆரம்பித்தார். நடந்து நடந்து, பாரசீகத்தைக் கடந்து, 1615-ல் வந்து நின்ற இடம் அஜ்மீர். மொத்தச் செலவு 3 பவுண்டு. அதிலும் 10 ஷில்லிங் வழியில் ஏமாந்தது என்று கணக்கு எழுதியிருக்கிறார். பட்ஜெட் டூர் நடத்துகிறவர்கள் இவர் படத்தை மாட்டிச் சூடம் கொளுத்தலாம்.

வழியில் அவருக்கு வாழ்நாள் சந்தோஷம் ஒன்று கிடைத்தது. எதிரே ஒரு பெரிய பயணக் கூட்டம். அதில் பாரசீக ஷாவின் தூதராக இருந்த ராபர்ட் ஷெர்லி என்ற ஆங்கிலேயர். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் தன் மூட்டையிலிருந்து எதையோ எடுத்தார். பார்த்தால், கோரியட்டின் புத்தகம்! எழுதுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள், நடு லண்டனில் ஆயிரம் பிரதி விற்பதைவிட நடுப் பாலைவனத்தில் ஒருவர் பெட்டியில் தன் புத்தகத்தைப் பார்ப்பது பெரிது என்பார்கள். அந்த மனிதர் அதைப் படித்தாரா என்று மட்டும் எந்த எழுத்தாளரும் கேட்கமாட்டார்.

அஜ்மீரில் அப்போது பேரரசர் ஜஹாங்கீர் முகாம். கோரியட் யானை மேல் ஏறினார்; அந்தக் கோலத்தில் தன் படம் அடுத்த புத்தகத்தில் வரவேண்டும் என்று ஊருக்குக் கடிதமும் போட்டார். செல்ஃபி இல்லாத காலத்தில் என்னதான் செய்வார் மனிதர்? லண்டன் பதிப்பாளர் அந்தக் கடிதங்களைப் புத்தகமாக்கி, யானை மேல் கோரியட்டையும் படமாகப் போட்டார். அந்த யானையை வரைந்தவர் யானையைப் பார்த்திருப்பாரா என்பது வேறு கதை.

பாரசீக மொழியை முட்டி மோதிக் கற்றுக்கொண்டு, ஒருநாள் ஜஹாங்கீரின் உப்பரிகைக்குக் கீழே போய் நின்று ஒரு பிரசங்கமே செய்தார். ‘நான் ஓர் ஏழை யாத்ரீகன். உங்கள் திருமுகம் பார்க்க வந்தேன், யானை பார்க்க வந்தேன், கங்கை பார்க்க வந்தேன். அப்படியே சமர்கண்டுக்குப் போய் உங்கள் முப்பாட்டன் தைமூரின் கல்லறையையும் பார்க்க ஒரு சிபாரிசுக் கடிதம் தாருங்கள்’ என்பது அதன் சாரம். ஜஹாங்கீர் பொறுமையாகக் கேட்டார். கடிதம் தரவில்லை, அந்தப் பக்கத்து ஆட்களோடு எனக்கு ஒத்துவராது என்றார். மேலேயிருந்து 100 ரூபாய் இறங்கி வந்தது.

இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோவுக்கு ரத்தம் கொதித்தது. அவர் அங்கே உலகின் பெரும் பணக்காரச் சக்கரவர்த்தியிடம் நாமும் ஒரு பெரிய நாடுதான் என்று மாதக்கணக்கில் பில்டப் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதே நாட்டுக்காரன் ஜன்னலுக்குக் கீழே நின்று யாசகம் வாங்கினால்? நாட்டு மானம் போச்சு என்று கத்தினார். கோரியட்டும் பதிலுக்குக் கத்தினார். எத்தனை பேசினாலும் ரோ கொண்டுவந்த வியாபார ஒப்பந்தத்தில் ஜஹாங்கீர் கையெழுத்துப் போடவில்லை. கோரியட்டுக்காவது 100 ரூபாய் மிச்சம்.

இந்துஸ்தானியையும் விட்டுவைக்கவில்லை அவர். தூதர் வீட்டில் துணி துவைக்கும் பெண்மணி ஒருவர், வாய் திறந்தால் பொழுது சாயும்வரை மூடமாட்டார். ஒருநாள் காலை கோரியட் அந்த அம்மாளின் பாஷையிலேயே அவரோடு மல்லுக்கு நின்றார். காலை 8 மணிக்குள் அந்த அம்மாளிடம் ஒரு சொல்கூட மிச்சமில்லை என்று சாட்சி சொல்கிறார் தூதரின் பாதிரியார் எட்வர்ட் டெர்ரி. கிரேக்கம், லத்தீன் எல்லாம் படித்ததன் முழுப் பயன் அன்றைக்குத்தான் கிடைத்தது.

வாழ்நாள் முழுக்கப் புகழுக்கு ஏங்கியவருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சேதி வந்தது. கோரியட்டைச் சந்தித்த ஒருவர் ஊர் திரும்பி ஜேம்ஸ் மன்னரிடம் அந்தச் சந்திப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மன்னர் கேட்டாராம்: ‘அந்த முட்டாள் இன்னும் உயிரோடா இருக்கான்?’ கொள்ளைக்காரன், பாலைவனம், பசி எதற்கும் அசராத மனிதர் இதில் நொறுங்கிப்போனார்.

1617 டிசம்பர். வயிற்றுப்போக்கோடு சூரத் வந்து சேர்ந்தார். அங்கிருந்த ஆங்கில வியாபாரிகளிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த ஒயின் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் துள்ளி எழுந்து, ஐயா சாமி, எனக்குக் கொஞ்சம் என்றார். அன்போடு ஊற்றிக்கொடுத்தார்கள். வியாதி முற்றி இறந்துபோனார். இங்கிலாந்துக்கு முள்கரண்டியை அறிமுகம் செய்தவர் கடைசியில் படுத்தது, முள்கரண்டியே தேவைப்படாத ஒரு நாட்டில். இரண்டரை வருஷம் இங்கே அவர் ரொட்டியை எதால் சாப்பிட்டார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என் பந்தயம் கையின்மேல்தான்.

அவர் போன பிறகும் முள்கரண்டிக்கு விடியவில்லை. பிரான்ஸின் பதினான்காம் லூயி, சூரிய ராஜா, வெர்சேல்ஸ் அரண்மனை கட்டியவர், குனிவதற்கும் நிமிர்வதற்கும் விதிமுறை வைத்திருந்தவர், சாப்பிட்டது கையால். வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் காட்டுவதற்காகப் பேரப்பிள்ளைகள் முள்கரண்டியை எடுத்தார்கள். தாத்தா தடை போட்டுவிட்டார். இத்தனைக்கும் பசி கொஞ்சநஞ்சமில்லை. ஒரே வேளையில் நாலு தட்டு சூப், ஒரு முழுக் காட்டுக்கோழி, கவுதாரி, ஆட்டுக்கறி, பன்றிக்கறி, பலகாரம், பழம் என்று தள்ளுவார் என்று அவருடைய தம்பி மனைவி கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த வேகத்துக்கு இரண்டு பல் முள்கரண்டி ஈடுகொடுக்குமா சொல்லுங்கள்.

நேப்பிள்ஸ் ராஜா ஃபெர்டினாண்ட் இன்னும் ஒருபடி மேல். நாடக அரங்கில் ராஜாவுக்கான உப்பரிகையில் உட்கார்ந்து, ஊரே பார்க்க, ஒரு தட்டு மக்கரோனியைக் கையால் தூக்கி, அண்ணாந்து, வாய்க்குள் இறக்குவார். மகாராணியோ ஆஸ்திரிய அரச குடும்பம். பிரெஞ்சு ராணி மாரி அன்ட்வானெட்டின் சொந்த அக்கா. அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் அரண்மனை அதிகாரி ஒருவர் குட்டையான நாலு பல் முள்கரண்டியைச் செய்து கொடுத்தார் என்று நேப்பிள்ஸில் கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, பல் நாலாகி, முதுகு வளைந்து, பட்டாணி அள்ள வந்த பிறகுதான் முள்கரண்டிக்கு வாழ்வு வந்தது.

கோரியட் இத்தாலியில் இன்னொரு பொருளையும் பார்த்து வாய் பிளந்தார் என்பதை நடுவில் சொல்ல மறந்துவிட்டேன். குதிரையில் போகிறவர்கள் தோலால் செய்த ஒரு குட்டிப் பந்தலைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். உள்ளே மர வளையங்கள். கைப்பிடியைத் தொடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குடை! அதுவும் வெயிலுக்கு. மழைக்கென்றே பிறந்த இங்கிலாந்துக்காரர்கள் இதைப் படித்ததும் பாய்ந்திருக்க வேண்டுமே? நூற்றைம்பது வருஷம் நனைந்துகொண்டே யோசித்தார்கள்.

குடை என்றால் நமக்கு வேறு லெவல். வெண்கொற்றக்குடை இல்லாமல் மூவேந்தரில் ஒருவரைக் கற்பனை செய்ய முடியுமா? தோற்ற ராஜாவிடம் முதலில் பறிப்பதே குடையைத்தான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் பாட்டிகள் சொன்னது எதனால்? குடை என்பது துணியும் கம்பியும் இல்லை, அந்தஸ்து. லண்டன்காரன் கணக்கு நேர் தலைகீழ். பணக்காரன் கோச் வண்டியில் போவான், அவன் எதற்கு நனைகிறான்? ஆகவே குடை பிடிக்கிறவன் வண்டிக்கு வக்கில்லாதவன். அங்கே குடை அற்பனுக்கு வாழ்வு வரவில்லை என்பதன் அறிவிப்பு.

1719-ல் வந்த ராபின்சன் க்ரூசோ கதையில் க்ரூசோ ஆட்டுத்தோலில் தனக்கொரு குடை செய்துகொள்வான். ஆங்கிலேயன் ஒருவன் நிம்மதியாகக் குடை பிடிக்க அப்போது ஆளில்லாத தீவுதான் தேவைப்பட்டது.

ஆளுள்ள லண்டனில் துணிந்தவர் ஜோனாஸ் ஹான்வே. ரஷ்யாவிலும் பாரசீகத்திலும் வியாபாரம் செய்து, கொள்ளைக்காரர்களிடம் சரக்கைப் பறிகொடுத்து, 1750-ல் ஊர் வந்து சேர்ந்தவர். அநாதைக் குழந்தைகள், புகைபோக்கி சுத்தம் செய்யும் சிறுவர்கள் என்று கண்ணில் பட்ட எல்லாருக்காகவும் போராடியவர். உண்மையிலேயே நல்ல மனிதர். அதோடு கொஞ்சம் தொல்லை. உலகத்தில் எது சரியில்லை என்று அவருக்குத் தோன்றினாலும் உடனே ஒரு புத்தகம் எழுதிவிடுவார். மொத்தம் 70-க்கு மேல்.

இந்த மனிதர் முகத்தையும் பவுடர் போட்ட விக்கையும் காப்பாற்றிக்கொள்ள மழையில் குடை பிடித்துத் தெருவில் நடந்தார். சிறுவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். ஆனால் நிஜமான எதிரிகள் வாடகைக் கோச் வண்டிக்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும்தான். அவர்களுக்குச் சீசனே மழைதான்! மழை நாளில் நம் ஊர் ஆட்டோ மீட்டருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஊரெல்லாம் குடை பிடித்தால் பிழைப்பு என்னாவது? ஆகவே ஹான்வேயைக் கண்ட இடத்தில் ஏசினார்கள். அவர் அசரவில்லை; சுமார் 30 வருஷம் பிடித்த குடையை மடக்கவேயில்லை.

இப்படி ஒரு தீர்க்கதரிசி இன்னொரு விஷயத்திலும் சரியாகத்தானே சொல்லியிருப்பார்? தேநீர் இங்கிலாந்தை அழித்துவிடும் என்றார். உடம்பு கெடும், அழகு போகும், தேசமே நரம்புத் தளர்ச்சியில் படுத்துவிடும் என்று தன் உள்ளூர்ப் பயண நூலோடு சேர்த்து ஒரு கட்டுரையே போட்டார். அது சிக்கியது சாமுவேல் ஜான்சன் கையில். அகராதி தொகுத்த மேதை. கெட்டில் ஆறாமல் தேநீர் குடிக்கிற ஆசாமி. 20 வருஷமாகக் காலை, மாலை, நடுராத்திரி என்று தேநீரிலேயே மிதக்கிறேன், எனக்கு வெட்கமும் கிடையாது என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துவிட்டு மதிப்புரையில் துவைத்து எடுத்தார். ஹான்வே பதில் எழுதினார். ஜான்சன் பதிலுக்குப் பதில் எழுதினார். வெளிநாட்டுப் பயணத்தில் ஹான்வே சம்பாதித்த பெயரை உள்ளூர்ப் பயணத்தில் தொலைத்துவிட்டார் என்று பிறகு சொன்னதும் ஜான்சன்தான்.

ஆக, ஒரே மனிதர் குடையை ஆதரித்தார், தேநீரை எதிர்த்தார். இங்கிலாந்துக்காரன் என்றதும் இன்று உலகத்துக்கு ஞாபகம் வருகிற இரண்டு பொருளில் ஒன்றுக்கு அவர்தான் அப்பா, இன்னொன்றுக்கு அவர்தான் வில்லன். ஐம்பது சதவீதம் மார்க். தீர்க்கதரிசிகளுக்கு இது நல்ல ஸ்கோர்.

ஹான்வேயாவது கனவான், அவரை ஏசத்தான் முடிந்தது. ஜான் மெக்டொனால்ட் என்ற வேலைக்காரர் 1770-களில் ஸ்பெயினிலிருந்து வாங்கிவந்த பட்டுக்குடையை லண்டன் மழையில் விரித்தபோது, ‘டேய் பிரெஞ்சுக்காரா, கோச் வண்டி பிடிக்கவேண்டியதுதானே?’ என்று தெருவே கத்தியது. கூட வந்த சொந்தச் சகோதரி வெட்கத்தில் மெக்டொனால்டின் கையை விட்டுவிட்டு விலகி நடந்தாள். அவர் ஸ்காட்லாந்துக்காரர், பிரான்ஸுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. ஆனால் குடை பிடிப்பவன் பிரெஞ்சுக்காரன் என்பது லண்டன் தெருவின் தீர்ப்பு. ஆண்மையுள்ள ஆங்கிலேயன் நனைவான்!

மெக்டொனால்ட் விடாமல் பிடித்தார். மூன்று மாதத்தில் கத்துகிறவர்களுக்கு அலுத்துப்போனது. அப்புறம் மெல்ல, மழைக்கொரு குடையாக, லண்டன் விரிய ஆரம்பித்தது. ஹான்வே 1786-ல் கண்ணை மூடினார்.

இப்போது 1813 டிசம்பர். தென்மேற்குப் பிரான்ஸில் பயோன் நகருக்கு வெளியே பிரிட்டிஷ் படையும் நெப்போலியனின் படையும் மோதிக்கொண்டிருக்கின்றன. கொட்டுகிற மழை. தளபதி வெல்லிங்டன் குதிரையில் வந்து ஒரு பக்கம் பார்க்கிறார். அவர் பார்த்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. பிற்பாடு கிரெனடியர் கார்ட்ஸ் என்று பெயர் பெற்ற படைப்பிரிவின் அதிகாரிகள், பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள், துப்பாக்கிக் குண்டு பறக்கிற மைதானத்தில் வரிசையாகக் குடை விரித்து நின்றுகொண்டிருக்கிறார்கள்!

உடனே ஆள் அனுப்பினார். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது குடை பிடிப்பதை வெல்லிங்டன் பிரபு விரும்பவில்லை, படைக்கு முன்னால் நீங்கள் கேலிப்பொருளாவதை அனுமதிக்கமாட்டார் என்று சேதி போயிற்று. அங்கே இருந்த கேப்டன் க்ரோனோ இதைத் தன் நினைவுக் குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். சில நாள் கழித்து அவர்களுடைய கர்னலையும் கூப்பிட்டுக் கண்டித்தார் வெல்லிங்டன்: லண்டன் அரண்மனைக் காவலில் நிற்கும்போது சீருடையோடு குடை பிடித்துக்கொள்ளட்டும், எனக்கொன்றும் இல்லை, போர்க்களத்தில் வேண்டாம்.

லண்டனில், அரண்மனை வாசலில், சீருடையோடு குடை. தளபதிக்கே ஆட்சேபனை இல்லை! ஹான்வே செத்து 27 வருஷம்தான் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரன் சமாசாரம் என்று எதைப் பார்த்து லண்டன் தெரு ஊளையிட்டதோ, அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டுதான் பிரிட்டிஷ் அதிகாரிகள் அன்றைக்கு பிரெஞ்சுக்காரர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்.